மயக்க மருந்தும் ஒரு நேர்கோடும்

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று என் வேலைக்காலத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றாலே எங்கள் பக்கத்து ஜனங்கள் எண்ணெயைத் தலையில் கவிழ்த்து, படிய வாரி, பூவும் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் தலையில் ஒட்டவேண்டிய இருபத்தொரு சின்ன வெள்ளிக் கிண்ணங்களும் அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்த காலம் அது.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மூளையில் ஓடுகிற மின்சாரத்தைத் தாளில் வரைகிற மெஷினுக்கு நான்தான் ஆள். ஈ.ஈ.ஜி. என்று பெயர். ஊர் ஜனங்களுக்கு அது "தலைக்கு ஒயர் மாட்டுறது". பாதிப் பேர் உள்ளே வரும்போதே நடுங்கிக்கொண்டு, "கரண்டு வைக்கப் போறீகளா தாயி?" என்பார்கள். நான் கரண்டு வைக்கவில்லை, உங்கள் தலைக்குள் இருக்கிற கரண்டைத்தான் எடுத்துப் பார்க்கிறேன் என்பேன். அதைக் கேட்டு இன்னும் பயப்படுவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், பள்ளிக்கூட வாத்தியாரான கணவர், காலையில் சமையல், சாயங்காலம் துணி. நடுவில் இந்த எண்ணெய்த் தலைகள். நான் எப்போதும் களைத்துத்தான் இருந்தேன். களைப்பு ஒரு சாக்கா என்று கேட்டால், இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினில் எட்டுப் பேனா. எட்டும் மையில் எழுதும். தாள் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், பேனாக்கள் மேலும் கீழும் ஆடி அலை வரையும். தூங்குகிறவனுக்கு ஒரு மாதிரி அலை, கண்ணை மூடி விழித்திருக்கிறவனுக்கு வேறு மாதிரி, வலிப்புக்காரனுக்கு ஈட்டி ஈட்டியாக. மெஷின் பிடிப்பது அத்தனை நுண்ணிய மின்சாரம் என்பதால் பக்கத்து அறையில் ஏ.சி. ஓடினாலும் பேனா நடுங்கும். மை அடைத்துக்கொண்டால் ஊசி விட்டுக் குத்தி எடுப்பேன். என் சேலை முந்தானைகளில் நீல மை இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்த வேலையை ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் படித்தேன். அங்கே ஒரு நாள் எங்கள் மெஷினை இதய ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். கட்டிலில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. இதயத்துக்குள் தையல் போட ரத்த ஓட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டுமாம். நிறுத்தினால் மூளை பட்டினியில் செத்துவிடும். அதனால் முதலில் ரத்தத்தைக் குளிர்வித்து, தலையைச் சுற்றி ஐஸ் அடுக்கி, உடம்பையே குளிர வைத்தார்கள். சூடு இறங்க இறங்க என் தாளில் அலைகள் சோம்பிப் போயின. பிறகு நடுநடுவே விட்டுவிட்டு ஓடின. கொஞ்சம் துடிப்பு, பிறகு வெறும் கோடு, மறுபடி கொஞ்சம் துடிப்பு. கடைசியில் எட்டுப் பேனாவும் அசையாமல் எட்டு நேர்கோடு போட்டன. எனக்கு உயிரே போய்விட்டது. வேலை முடிந்து ரத்தத்தைச் சூடாக்கினார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பேனா லேசாகத் துள்ளியது. பிறகு இன்னொன்று. நான் முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

மயக்க மருந்தும் அதையேதான் செய்யும். கொஞ்சம் கொடுத்தால் அலை பொடிப்பொடியாக வேகமாக ஓடும். இன்னும் கொடுத்தால் பெரிதாக, மெதுவாக. இன்னும் கொடுத்தால் துடிப்பும் கோடும் மாறி மாறி. அதற்கும் மேலே போனால் நேர்கோடு. அதனால்தான் எங்களுக்கு முதல் பாடமே இதுவாக இருந்தது: உடம்புச் சூடு எவ்வளவு, என்ன மருந்து ஓடுகிறது என்று ஓரத்தில் எழுதாமல் ஒரு நேர்கோட்டைக் கொடுக்காதே. குளிர்ந்த மூளையும் மருந்தில் கிடக்கிற மூளையும் செத்த மூளை மாதிரியே எழுதும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. கண்ணால் பார்த்தவள் நான்.

திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு ஒரு சித்திரை வெயிலில் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது இருபத்தெட்டு இருக்கும். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் வலிப்பு வந்து வரப்பிலேயே விழுந்திருக்கிறார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். வலிப்பு நிற்கவேயில்லை. ஒன்று முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது. இருந்த ஊசியெல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் மயக்க டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் அப்போது நாலு ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடி மயக்க மருந்து கொடுத்த மனிதர் அவர். பழைய ஸ்கூட்டர், ஒல்லியான உடம்பு, பாதிக் கண் மூடியபடியே பேசுவார். ஊரையெல்லாம் தூங்க வைத்துவிட்டு அவர் தூங்காமல் அலைகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சை மெஷினுக்கு மாட்டி, தயோபென்டோன் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஓடவிட்டார். சாதாரணமாக ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஊசியாகக் குத்துகிற மருந்து அது. இங்கே நாள் கணக்கில் ஓடவேண்டும்.

"மூளை தன்னைத்தானே அடிச்சுக்கிட்டுக் கிடக்கும்மா. அத அடக்கிப் போட்டுட்டு, காய்ச்சல் இறங்கறவரைக்கும் காவல் இருக்கணும். அம்புட்டுத்தான் நம்ம வேலை" என்றார் என்னிடம். "கொஞ்சம் துடிப்பு, மிச்ச நேரம் அமைதி. உங்க தாள்ல அந்த அளவுக்கு வந்தாப் போதும்."

இரண்டாம் நாள் நான் எடுத்த தாளில் அப்படியேதான் வந்தது. அவருக்குத் திருப்தி. நோயாளியின் அண்ணனையும் கூப்பிட்டுச் சொன்னார். "கடை ஷட்டரை இறக்கி வச்சிருக்கோம். உள்ள ஆள் இருக்கானா இல்லையான்னு ஷட்டரை ஏத்தினாத்தான் தெரியும். ரெண்டு மூணு நாள் பொறுங்க." அண்ணன்காரர் தலையை ஆட்டினார். நாற்பது வயசுக்காரர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி போடுகிறவர், தோளில் துண்டு. என்ன புரிந்ததோ. அவருக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நோயாளியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் எனக்கே குளிர் எடுத்தது. ஏ.சி. முழு வேகத்தில். காய்ச்சலுக்காக ஐஸ் கம்பெனியிலிருந்து வந்த பாளங்களை உடைத்து, ரப்பர் பையில் போட்டு, கழுத்துக்கும் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் வைத்திருந்தார்கள். முதல் நாள் காய்ச்சல் கொதித்தபோது ஐஸ் வைக்கச் சொல்லி எழுதிய சீட்டு அது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை. நல்ல நினைவோடு இருக்கிறவன் என்றால் நடுங்கியாவது உடம்பைச் சூடாக்கிக்கொள்வான். இந்த மருந்து நடுக்கத்தையும் சேர்த்தே தூங்க வைத்துவிடும்.

"சூடு எத்தனை சிஸ்டர்?" என்றேன்.

"தொண்ணூத்தி நாலு."

காலையிலும் தொண்ணூற்று நாலு, முந்தின ராத்திரியும் தொண்ணூற்று நாலு. காய்ச்சல் பார்க்கிற பாதரசக் கம்பியில் அதற்குக் கீழே எண்ணே கிடையாது. கம்பி அடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது, அவர்களும் அதையே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் நெற்றியைத் தொட்டேன். மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஏ.சி.யை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேனாக்களை ஓடவிட்டேன். எட்டுக் கோடும் நேர். நாடித்துடிப்பு மட்டும் ஒன்றிரண்டு கோட்டில் சின்ன முள்ளாகத் தெரிந்தது, அது நெஞ்சிலிருந்து வருவது. கால் மணி நேரம், அரை மணி நேரம் ஓடவிட்டும் ஒரு துடிப்பு இல்லை. மருந்து அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது, குளிர்ந்த உடம்பு அதை வெளியேற்றவும் மாட்டாது என்று எனக்கு அப்போதே பட்டது. ஓரத்தில் மருந்தின் பெயர், ஓடுகிற அளவு, "உடம்பு சில்லென்று இருக்கிறது, கம்பியில் சூடு ஏறவில்லை" எல்லாம் ஒழுங்காக எழுதினேன். மயக்க டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் அண்ணன்காரர் கதவை ஒட்டி நிற்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தாயி, தம்பிக்குக் கோடு எப்படி இருக்கு?"

"டாக்டர் வந்து சொல்லுவார்ண்ணே."

"டாக்டர் எப்ப வாராகளோ. நீங்கதேன் பாத்தீகள்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

முந்தின நாளிலிருந்து அவர் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு தடவை. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் வேறு மாட்டிக்கொண்டது. கீழே என் அறையில் மெஷின் போடுவதற்காக இரண்டு குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தேன், அவை எழுந்துவிட்டால் அவ்வளவும் வீண். பசி வேறு.

"அசைவு இருக்கா, இல்லையா? அதையாச்சும் சொல்லுங்க தாயி."

"அசைவு இல்லண்ணே. கோடு நேராத்தான் ஓடுது. போதுமா?"

அவர் இரண்டு கையையும் கூப்பி, "போதும் தாயி" என்றார்.

மருந்து ஓடுது, உடம்பு குளுந்து கிடக்கு, அதனாலதான் நேரா ஓடுது. இவ்வளவுதான் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். தாளில் எழுதத் தெரிந்த எனக்கு வாயால் சொல்லச் சலிப்பு. நேர்கோடு என்றால் என்ன என்று அந்த மனிதருக்கு சினிமா கற்றுக்கொடுத்திருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியூரில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஊர் எல்லையிலேயே ஓலைப்பந்தலில் கிடத்தி, அப்படியே சுடுகாட்டுக்கு. பிறந்து வளர்ந்த வீட்டு வாசல்படி ஏறாமல் போவது செத்தவனுக்குச் செய்கிற அநியாயம் என்று நினைப்பார்கள். அதனால் இனி ஆகாது என்று தெரிந்துவிட்டால் மூச்சு இருக்கும்போதே வீடு சேர்த்துவிடத் துடிப்பார்கள். ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே வேனில் போவார்கள். வீட்டில் வைத்துக் குழாயை எடுத்து, வாயில் பால் ஊற்றுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடந்ததுதான். மனசு கல்லாகிப் போனவர்கள் செய்கிற காரியம் இல்லை அது. பாசத்தில் செய்வது.

மூன்று மணிக்கு சிஸ்டர் என் அறைக்கு வந்து, "அந்தக் கன்னிவாடி கேஸைக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கோடு நேரா ஆயிருச்சுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

மாடிக்கு ஓடினேன். வராந்தா முழுக்க ஆட்கள். வேன் வாசலில் நின்றது. புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டர், தாங்களே விரும்பி அழைத்துப்போகிறோம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மருந்துச் சொட்டை நிறுத்தியாகிவிட்டது. ஐஸ் பைகள் கட்டிலுக்கு அடியில் ஒழுகிக்கொண்டு கிடந்தன.

"அண்ணே, செத்த பொறுங்க" என்றேன். "மயக்க மருந்து போயிக்கிட்டு இருந்துச்சு. மயக்க டாக்டர் வரட்டும், அவர் வந்து பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. "ஊருக்கு ஆள் விட்டாச்சு தாயி. திருப்பூர்ல இருக்கிற தங்கச்சிக்கு போன் போட்டாச்சு. பந்தல்காரன் வந்து நிக்கிறான். சொல்லி விட்ட சாவை எப்படித் திருப்பி இல்லேம்பேன்?"

"ரெண்டு நாள்ண்ணே."

"காலைல நீங்கதேன சொன்னீக, அசைவு இல்லேன்னு?"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டியூட்டி டாக்டரும். டெக்னீஷியன் நோயாளி வீட்டாரிடம் ரிசல்ட் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் கண்டிப்பான சட்டம். அதற்காக ஒருத்தியை வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள்.

"நான் எங்க சொன்னேன்? டாக்டரைக் கேட்டுக்கங்கன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அண்ணன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்? காலையில் ஒன்று, மதியம் ஒன்று பேசுகிறவள். நான் சொன்னது பாதிதான், என் மேல்தான் தப்பு என்று அங்கே, அப்போது, அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருந்தால் அந்த வேன் நின்றிருக்கும். எனக்கு வேலை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். அவரைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். எங்கள் வயதான வார்டு ஆள் ஒருவர் ரப்பர் பையை அமுக்கிக்கொண்டு கூடப் போனார். மனைவியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள்.

மயக்க டாக்டர் ஐந்தரைக்கு வந்தார். காலிக் கட்டிலைப் பார்த்தார். என் தாளை எடுத்து மடிப்பு மடிப்பாகப் புரட்டினார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்களேம்மா. அவங்ககிட்ட யாரு போய்ச் சொன்னது?"

"தெரியல சார்."

அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவன் பிழைச்சிருப்பான்னு நான் சொல்லலம்மா. மூளைக்காய்ச்சல், எது வேணா ஆகியிருக்கும். தெரியாது. தெரிஞ்சுக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்களே, அதான்." பிறகு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

வீடு போய்ச் சேர்ந்ததுமே எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நானும் அவரும் நினைத்தோம். மறுநாள் மதியம் வார்டு ஆள் திரும்பி வந்தார். கை வீங்கியிருந்தது. "தங்கச்சி வார வரைக்கும் அமுக்கச் சொல்லிட்டாக. ராவெல்லாம் மாத்தி மாத்தி அமுக்கினோம். இன்னைக்குக் காலைலதேன் குழாயை எடுத்தேன்" என்றார். அதைக் கேட்டதும் நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ராத்திரி முழுக்க நேரம் இருந்திருக்கிறது. மருந்தை நிறுத்தியாகிவிட்டது, ஐஸ் இல்லை, ஓட்டு வீட்டுப் புழுக்கத்தில் உடம்பு சூடேறிக்கொண்டே இருந்திருக்கும். ஒரு பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம். நான் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியாரிடம், பொய் சொன்னேன், ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் செய்தேன் என்றேன். ஜெபமாலை சொல்லச் சொன்னார், சொன்னேன். அதில் மனசு ஆறவில்லை. முழங்கால் வலித்ததுதான் மிச்சம். சாமியாரிடம் சொல்வது சுலபம், அவர் வீட்டில் யாருக்கும் சாவுப் பந்தல் போடவில்லையே.

வருடங்கள் போயின. என்னத்தைச் சொல்ல, அதே எண்ணெய்த் தலைகள், அதே கரண்டு பயம். மைப் பேனா மெஷினைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். முந்தானையில் மை படுவது நின்றது, களைப்பு நிற்கவில்லை. மயக்க மருந்தில் கிடக்கிற நோயாளிக்கு மெஷின் போட்டால், அதற்குப் பிறகு நானே வீட்டாரைக் கூப்பிட்டு நிறுத்தி, "இது மருந்து எழுதுற கோடு, ஆள் எழுதுற கோடு இல்ல" என்று மூன்று தடவை சொல்வேன். சட்டமாவது மண்ணாவது. "எத்தனை தடவைம்மா சொல்லுவீங்க" என்று அவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருடம் கழித்து ஒரு காலையில், மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பிள்ளை பாடம் படிக்கும்போது திடீர் திடீரென்று வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறதாம். சுற்றுவட்டாரத்தில் இந்த மெஷின் எங்களிடம்தான் இருந்தது. நான் பிள்ளையைப் படுக்க வைத்து, ஒயர்களை ஒட்டி, கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னேன். ஊதி ஊதி மூச்சு வாங்கியபோது திரையில் அலை ஈட்டியும் மேடுமாகக் கிளம்பி, சில நொடியில் அடங்கியது. எளிதாக மாத்திரையில் நிற்கிற வகை. "பயப்படாத, இது பிள்ளை பெருசானா தன்னால போற வலிப்பு" என்று அவளிடம் சொன்னேன்.

"உங்களத் தெரியுமக்கா" என்றாள் அவள். "இவ அப்பாவுக்கும் நீங்கதேன் பாத்தீக. இவ அப்ப வயித்துல."

சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தேன், கன்னிவாடி.

பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. அவள் மெதுவான குரலில், ஏதோ சந்தை விவரம் சொல்வதுபோலச் சொன்னாள். "காலைல குழாயை எடுக்கையில நான் அவரு கையப் புடிச்சிருந்தேன். அவரு என் விரலை இறுக்கிப் புடிச்சாருக்கா. விட்டாரு. மறுபடி புடிச்சாரு. நான் கத்தினேன், புடிக்கிறாரு புடிக்கிறாருன்னு. புருசன் போற கிறுக்குல பேசுறான்னு என்னைய உள்ள கொண்டுபோய் உக்கார வச்சுட்டாக. அப்புறம் எப்ப அந்தப் பேச்சை எடுத்தாலும், உனக்கு அப்படித் தோணிருக்கும்பாக. எட்டு வருசமா எனக்குக் கிறுக்கிப் பட்டம். இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு. நெசமாவே புடிச்சாரா, நானா நெனச்சுக்கிட்டேனா?" திரையைக் காட்டினாள். "கோடு நேரா ஓடினா, கை புடிக்குமாக்கா?"

பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். முதுகுத்தண்டு இழுத்தால்கூடக் கை மடங்கும் என்று ஒரு நியாயமும் கைவசம் இருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. எட்டு வருடம் தூக்கிச் சுமந்து அலுத்துவிட்டது.

"அந்தக் கோடு நேரா ஓடினதுக்கு மருந்துதாம்மா காரணம்" என்றேன். "மருந்து அதிகமாயிருச்சு. ஐஸ் வச்சு உடம்பும் குளுந்துபோச்சு. அதுல யாரு தலையும் அப்படித்தான் எழுதும். அது எனக்கு அப்பவே தெரியும். அவுக அண்ணன்கிட்ட நேரா ஓடுதுன்னு மட்டும் சொல்லிட்டு, மிச்சத்தைச் சொல்லாம விட்டுட்டேன். அப்புறம் சொல்லவே இல்லைன்னும் பொய் சொன்னேன். ராத்திரியில மருந்து குறைஞ்சு, சூடு ஏறியிருக்கும். உன் கையை அவரு புடிச்சிருக்கலாம். நீ கிறுக்கி இல்ல."

அவள் அழவில்லை. "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"ரெண்டு நாள் பொறுத்திருப்பாக. அதுக்கு மேல என்ன ஆகியிருக்கும்னு எனக்கும் தெரியாது, எந்த டாக்டருக்கும் தெரியாது."

அவள் தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து காற்றாடியை எடுத்து வைத்தாள். பிறகு, "இத எங்க வீட்டுல வந்து சொல்லுவீகளாக்கா? அவுக அண்ணன் இருக்கையில?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கன்னிவாடி பஸ் ஏறினேன். கணவரிடம்கூட விவரம் சொல்லவில்லை. வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அடிப்பார்கள் என்றுகூட நினைத்தேன்.

அண்ணன்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க தாயி" என்று எழுந்து கட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, குளிர், நேர்கோடு, நான் விழுங்கிய மிச்ச வார்த்தை, வராந்தாவில் சொன்ன பொய். அவர் தம்பி மனைவி காப்பி டம்ளரோடு வாசல்நிலையில் நின்றாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என் தப்புண்ணே" என்றேன். "இவ சொன்னது நெசமாத்தான் இருக்கணும். கிறுக்கின்னு சொல்லாதீக."

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவர் முகத்திலும் என்னுடைய அதே களைப்புதான் இருந்தது.

"தெரியும் தாயி" என்றார்.

"என்னண்ணே தெரியும்?"

"நானும் பாத்தேன். தலைமாட்டுலதேன் நின்னேன். அவன் விரல் மடங்குச்சு. ரெண்டு தரம்." அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. "பந்தல் போட்டாச்சு. தங்கச்சி திருப்பூர்லருந்து மாருல அடிச்சுக்கிட்டு வந்து இறங்கிட்டா. ஊரே நிக்குது. நான் என்னன்னு சொல்லுவேன் தாயி? இவ கத்தினா. கூட்டிட்டுப் போயி உள்ள உக்கார வைங்கன்னு நாந்தேன் சொன்னேன்."

அவள் காப்பி டம்ளரைக் குனிந்து தரையில் வைத்தாள். பிள்ளையின் கையை எடுத்துவிட்டு, என்னையும் அவரையும் தாண்டித் தெருவுக்கு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைப் பகல், எதிர் வீட்டுப் பெண்கள் வெங்காயம் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் புருசன் என் கையப் புடிச்சாரு" என்றாள் அவர்களிடம். அவர்கள் புரியாமல் பார்த்தார்கள். அவள் இன்னும் சத்தமாக, தெருக்கோடி வரை கேட்கும்படி, மறுபடி சொன்னாள். "புடிச்சாரு. இவுகளும் பாத்தாக."

அண்ணன்காரர் தலை குனிந்தபடியே இருந்தார். ஒருவரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.